மற்றவை: ஐம்பது எழுத்துகளுக்குள்

பதினோரு மாதம் அந்தத் திரை
என் அறையில் போர்வைக்குள் கிடந்தது.
பூப்போட்ட பழைய போர்வை, வீட்டிலிருந்து நான் கொண்டுபோனது.
சாவி என் கைப்பையில்,
சீப்புக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில்.

காசிமேட்டுக் காற்றுக்கு எதையும் விட்டுவைக்கத் தெரியாது.
மணி கட்டிய கம்பி, கொடிமரத்துக் கொக்கி,
சத்துணவுக் கூடத்துத் தராசு
எல்லாமே உப்பு தின்று மிச்சம் வைத்தவை.
"கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது?" என்பேன்.
அறிவியல் ஆசிரியை ஃப்ளாரன்ஸ் மூன்று தடவை சாவி கேட்டாள்.
மூன்று தடவையும் ஒரு சுற்றறிக்கையைக் காட்டினேன்.
அதில் அப்படி எதுவும் இல்லையென்று
அவளுக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால்
எங்கே தட்டினால் அது விழிக்கும் என்று
எனக்குத் தெரியாது.
ஐம்பத்து மூன்று வயதில்
ஏழாம் வகுப்பு பார்த்துக்கொண்டிருக்க
ஒரு பொத்தானைத் தேடி நிற்க மனசில்லை.

ராத்திரி, வீட்டுக்காரர் தூங்கியபின்
ஒலியை அணைத்துவிட்டு
யாரோ ஒரு பையன் விளக்கும் படங்களைப் பார்த்தேன்.
உதட்டசைவில் பாதி புரிந்தது.
நோட்டில் எழுதிவைத்தேன்:
முதலில் பச்சை விளக்கு. பிறகு பொறு. இன்னும் பொறு.
கடவுச்சொல்லை அட்டைக்குப் பின்னால் எழுதி
மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன்.

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பிய வாரம்
போர்வையை எடுத்தேன்.
பேசினால் எழுதும் என்றார்கள். பேசினேன்,
வானொலியில் செய்தி வாசிப்பதுபோல:
காற்று ஒரு கலவை.
ஒரு புள்ளி பிசகாமல் எழுதியது.
நானே பெற்று வளர்த்ததுபோல் பெருமை.

அடுத்து ஜெசிந்தா வந்தாள்.
"எங்கப்பா கவள புடிக்கப் போயிக்கீது."
திரையில் விழுந்தது:
எங்கப்பா கவலை பிடித்துப் போய்
மேற்கொண்டு தெரியாமல் வட்டம் சுழன்றது.
"கரீட்டாத்தான் சொல்லுது மிஸ்,
டீசல் இன்னா வெல விக்குது" என்றான்
பின்வரிசை அருள்தாஸ்.
வகுப்பே சிரித்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"திருத்தமாகச் சொல்லு, அதற்குப் புரியாது"
சொல்ல வாயெடுத்தேன்.
வாய்க்கு மனப்பாடமான வாக்கியம்.
இருபத்தாறு வருஷம் இதே தெருக்களின் பிள்ளைகளிடம்
சிவப்பு மையில் சொல்லியிருக்கிறேன்,
'அதற்கு' இருந்த இடத்தில் 'எனக்கு' என்று.

ஆக, இந்தப் பள்ளிக்கு மிஷின் புதுசில்லை.
ஒன்று ஏற்கெனவே இருந்தது,
கஞ்சி போட்ட காட்டன் புடவையில்.

அன்று சாவியைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.
பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.
ஆவணிக்குள் ஒரு துளை துருப்பிடித்தது.
இரண்டு நாள் நெட் இல்லை. ஒரு வாரம் மின்சாரம் கண்ணாமூச்சி.
ஆனால் காற்று வரைபடத்தை ஃப்ளாரன்ஸ் திறந்தபோது
நீல அம்புகளைப் பார்த்து அருள்தாஸ் சொன்னான்:
"இது வாட இல்ல மிஸ், கச்சானு. நாளிக்கு வலை ஒதறாது."
அவன் சொன்னதை அப்படியே பதிவு செய்தோம்.
அதன்பின் ஜெசிந்தா பேச, நான் தட்டச்சு செய்ய,
நூற்றுப் பதினான்கு வார்த்தைகள் சேர்ந்துவிட்டன:
மீன், காற்று, கயிற்று முடிச்சு, திட்டு.
திட்டுகளைத் தனிக் கோப்பில் பூட்டிவைத்திருக்கிறேன்.
அந்தச் சாவி மட்டும் என்னிடம்.

மார்ச்சில் ஒரு படிவம் வந்தது.
தொழில்நுட்பத்தில் தலைமையாசிரியரின் வளர்ச்சி:
தொடக்கநிலை, இடைநிலை, உயர்நிலை.
மூன்றிலும் என்னைக் காணோம்.
கடைசியில் 'மற்றவை' என்று ஒரு பெட்டி,
ஐம்பது எழுத்துகளுக்குள்.
வெளியே இறால் உரித்து வந்த கையோடு
ஜெசிந்தாவின் அம்மா காத்திருந்தாள்.
விரல் தானாகத் தட்டியது:
பேசு, கேட்டுக்கினுதான் கீறேன்.

அடியில் சிவப்பாய் ஒரு கோடு நெளிந்தது.
இருக்கட்டும்.
அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டேன்,
அவள் உட்கார.